“பழைய தந்தம்தான், பேப்பர் எல்லாம் இருக்கு” என்று சொல்பவரிடம் ஏமாந்த கதை

தந்தத்தில் செதுக்கிய ஒரு செஸ் செட்டுக்காக இரண்டு மாதச் சம்பளத்தைத் தொலைத்தேன். பணம் போனதைக்கூட ஒருவாறு மறந்துவிட்டேன். சுங்கத்துறை அலுவலகத்தில் உட்கார்ந்து, நான் கடத்துகிற ஆள் இல்லை என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

விற்றவர் வெளிநாட்டில் இருக்கும் பழம்பொருள் வியாபாரி. அதற்கு முன்பு அவரிடம் ஒரு பித்தளைத் தொலைநோக்கி வாங்கியிருந்தேன், ஒழுங்காக வந்து சேர்ந்தது. அந்த நம்பிக்கையில்தான் விழுந்தேன். ஒரு பக்கத்துக் காய்கள் வெளிர் மஞ்சள், மறுபக்கம் சிவப்புச் சாயம் ஏற்றியவை. குதிரையின் பிடரி மயிர்கூடப் படத்தில் இழை இழையாகத் தெரிந்தது. நாம் ‘யானை’ என்று சொல்லும் காயையும் யானையின் பல்லிலேயே செதுக்கியிருக்கிறார்களே என்று அப்போது ரசித்தேன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

“தந்தம் தடை செய்யப்பட்டதாயிற்றே?” என்று கேட்கத்தான் செய்தேன். “தடைக்கு முன்பே ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியானது, நூறு வருஷத்துக்கு மேல் பழசு, வயதுச் சான்றிதழ் பார்சலோடு வரும்” என்றார். இன்னும் துருவியதும், 2008இல் தந்தம் சட்டப்படியே விற்கப்பட்டது தெரியாதா என்று திருப்பிக் கேட்டார். நூறு வருஷத்துப் பொருளுக்கு 2008 எதற்கு என்று அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு நடந்தது, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாட்டு அரசுகளின் கையிருப்புத் தந்தத்தைச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் மட்டும் விற்ற ஒரே ஒரு தடவை விற்பனை. அங்கிருந்து மறு ஏற்றுமதி கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அதற்கும் என் செஸ் செட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பார்சல் சுங்கத்தில் நின்றது. வெளியே ஒட்டியிருந்த சீட்டில் ‘எலும்புக் கைவினைப் பொருள், அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தார் மகானுபாவர். உள்ளே இருந்த ‘சான்றிதழ்’, தங்க நிற முத்திரை குத்திய ஒரு லெட்டர்ஹெட் தாள். யாரோ ஒரு மதிப்பீட்டாளர், இது பழசு என்று கருதுவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவ்வளவுதான்.

நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது இதுதான். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வர்த்தகத்துக்கு சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தம் 1975 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆசிய யானை தொடக்கத்திலேயே அதன் முதல் பட்டியலில், அதாவது நாடு விட்டு நாடு வியாபாரம் கூடாது என்கிற பட்டியலில், இருந்தது. ஆப்பிரிக்க யானையை 1989இல் அதில் சேர்த்தார்கள், 1990 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்துக்கு முந்தைய பொருள் என்றால், அனுப்பும் நாட்டின் சைட்டிஸ் அதிகார அமைப்பு அப்படிச் சான்று தர வேண்டும். வியாபாரியோ அவருக்குத் தெரிந்த மதிப்பீட்டாளரோ தருவது செல்லாது. பொருள் கிளம்புவதற்கு முன்பே அந்தச் சான்று கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தனி. இந்தியாவில் 1991 திருத்தத்திலிருந்து இறக்குமதித் தந்தத்தின் வியாபாரத்துக்கும் தடை. சீனா 2017 முடிவோடு உள்நாட்டு விற்பனையையே மூடிவிட்டது. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூனில் அமலுக்கு வந்தது. 1947க்கு முந்தைய, தந்தம் பத்து சதவீதத்துக்கும் குறைவான பொருளுக்கு அங்கே விலக்கு உண்டு, அதையும் பதிவு செய்தாக வேண்டும். இந்தப் பத்து சதவீதக் கணக்கையும் என் ஆள் அவிழ்த்துவிட்டார். முப்பத்திரண்டு காயும் முழுத் தந்தம், இதில் எங்கிருந்து பத்து சதவீதம்?

பறிமுதல் என்றதும் அவரிடமிருந்து புது யோசனை வந்தது: “மாமூத் தந்தம் என்று சொல்லிவிடுங்கள், அது அழிந்துபோன விலங்கு, தடை கிடையாது.” நல்லவேளை, நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி ராஜாவைக் கவிழ்த்து உருப்பெருக்கியை என்னிடமே நீட்டினார். அடிப்பாகத்தின் விளிம்பருகே மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை போலப் பின்னியிருந்தன. அவை வெட்டிக்கொள்ளும் கோணம் 115 பாகைக்கு மேல் அகன்றிருந்தால் யானை, 90க்குள் குறுகியிருந்தால் மாமூத் என்றார். என்னுடையது நன்றாகவே விரிந்திருந்தது. மாமூத் என்றாலும் எல்லா இடத்திலும் தப்ப முடியாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2003லேயே அதுவும் தடைக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. நியூயார்க், கலிபோர்னியா மாநிலங்களிலும் அதை விற்க முடியாது.

வழக்கு இல்லாமல் விட்டார்கள், செட் திரும்பவில்லை. பணம் அனுப்பிய சேவையிடம் முறையிட்டேன். தடை செய்யப்பட்ட பொருளுக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டார்கள். வியாபாரியோ, “உங்கள் நாட்டுச் சட்டம் உங்கள் பொறுப்பு” என்று எழுதிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார். கேட்டுவிட்டுத்தானே வாங்கினேன் என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் விற்பவரிடமே கேட்டதுதான் என் மடத்தனம். சுங்கத்துறைக்கோ வனத்துறைக்கோ ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

போன வாரம் வேறு கணக்கிலிருந்து அவர் பக்கத்தைப் பார்த்தேன். இன்னொரு செட் விற்பனைக்கு வந்திருக்கிறது, அதே சிவப்பும் மஞ்சளும். விவரத்தில் தந்தம் என்ற சொல்லே இல்லை, ‘எருதெலும்பு’ என்று போட்டிருக்கிறார். விலை மட்டும் தந்தத்தின் விலை. எலும்பு என்றால் ரத்தக் குழாய் போன தடம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். ராஜாவின் அடிப்பாகம் காட்டும் படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி ஒன்றுகூட இல்லை, வலை போல அதே கோடுகள்.