பழைய ஜிப்ஸி கிங்: வாங்கும் முன் அடியில் படுத்துப் பார்க்க வேண்டியவை

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஜீப் வகை வண்டியான மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் 970 சிசி எஞ்சினோடு சந்தைக்கு வந்தது. 1996இல் 1298 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட ஜிப்ஸி கிங் அதைத் தொடர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அதற்கு எம்பிஎஃப்ஐ முறையும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக எரிபொருள் தெளிக்கும் முறை) 80 குதிரைத்திறனும் கிடைத்தன. 2019இல் பொது விற்பனை நின்றது. புதிதாகக் கிடைக்காத வண்டி என்பதாலேயே பழைய ஜிப்ஸிக்கு அதன் தகுதிக்கு மீறிய விலை சொல்லப்படுகிறது, அந்த விலையில் பெரும்பகுதி புதுப் பெயின்டுக்கும் பெரிய டயருக்கும் கூரைமேல் விளக்குகளுக்கும்தான் போகிறது. மேட்டுப்பாளையத்தில் விற்பனைக்கு வந்திருந்த 2009ஆம் ஆண்டு ஹார்ட் டாப் (கெட்டிக் கூரை) வண்டி ஒன்றை முழுமையாகச் சோதித்ததை வைத்து எழுதப்படும் மதிப்புரை இது. அது நீலகிரித் தேயிலைத் தோட்டமொன்றில் ஓடிய வண்டி. கேட்ட விலை நான்கு லட்சத்துக்குச் சற்று மேல்.

இந்த வண்டியில் எஞ்சினை மாற்றலாம், கியர் பாக்ஸைப் பிரித்துச் சேர்க்கலாம், இருக்கைகளைப் புதிதாகத் தைக்கலாம். ஆனால் துருப்பிடித்த சேஸிஸையும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) கோளாறான ஆர்.சி.யையும் (பதிவுச் சான்று) எந்த வொர்க்‌ஷாப்பும் நேராக்கித் தராது. ஆகையால் பார்வையிடும் வரிசை காகிதத்தில் தொடங்கி, வண்டியின் அடிப்பகுதிக்குப் போய், எஞ்சினில் முடிய வேண்டும். விற்பவர்கள் எப்போதும் இதற்கு நேர்மாறாக, முதலில் பானெட்டைத் திறந்துதான் காட்டுவார்கள்.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. நான் பார்த்த வண்டிக்குப் புதுப்பித்தல் முடிந்திருந்தது என்பது அதன் முதல் நற்குறி. வடமாநில வண்டியாக இருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்ததற்குப் பின், அங்கிருந்து மலிவாக வாங்கித் தெற்கே விற்கும் புரோக்கர்கள் பெருகிவிட்டார்கள். தடையில்லாச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியும் தீர்க்கப்படாமல் கைமாறும் வண்டி மலிவானதாகாது. ராணுவம் கழித்த வண்டி என்று சொல்லப்பட்டால் ஏல ஆவணத்தையும் உற்பத்தி ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது.

சேஸிஸில் பொறித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுவது ஆர்.டி.ஓ. அலுவலகம் செய்யும் அதே சோதனைதான். எஞ்சின் எண்ணையும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் எரிபொருள் செலவுக்கு அஞ்சி வேறு வண்டியின் டீசல் எஞ்சினைப் பொருத்திய ஜிப்ஸிகள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்பாக வலியுறுத்திவிட்டது. அத்தகைய வண்டி மலைமேல் எவ்வளவு நன்றாக ஏறினாலும் எஃப்.சி.க்குப் போகும்போது வாங்கியவர் தலையில்தான் விடியும்.

அடிப்பகுதியைப் பார்க்கும் நாளில் வண்டியைக் கழுவாமல் வைத்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் ஆயில் எங்கே கசிகிறது என்பதை மண் ஒட்டியிருக்கும் இடமே காட்டிக்கொடுக்கும். ஏணி வடிவச் சேஸிஸின் இரு நீளச் சட்டங்களிலும், ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஷாக்கிள் பிடிப்புகளைச் சுற்றியும், பாடி அமரும் ரப்பர்களுக்கு அடியிலும் ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் கெட்டியான இரும்பும் உளுத்த இரும்பும் வெவ்வேறு ஓசை தரும். புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருக்கும் இடங்களில்தான் கூடுதல் சந்தேகம் வேண்டும். கடலோர வண்டிகளுக்கு உப்புக் காற்று என்றால் நீலகிரி வண்டிகளுக்கு ஓயாத மழை. இந்த வண்டியில் சேஸிஸ் உறுதியாக இருந்தது, ஆனால் கால்மிதிகளைத் தூக்கியபோது ஓட்டுநர் காலடித் தகரத்தில் பட்டிப் பசை வைத்து மறைத்த ஓட்டை ஒன்று தெரிந்தது. முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பிலும் துரு தொடங்கியிருந்தது. இரண்டும் டிங்கரிங்கில் தீரக்கூடியவை. விலையில் கழிக்க வேண்டியவை.

முன் அச்சுதான் ஜிப்ஸியின் உண்மையான தேர்வுக்கூடம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் சக்கரம் இடவலமாகத் திரும்ப உதவும் கிங் பின் பேரிங்கின் தேய்மானம் கையில் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் மூட்டுகளின் ஆட்டம் தெரியும். இவற்றை அலட்சியம் செய்தால் நடுத்தர வேகத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் தானாக உதறத் தொடங்கும், வண்டியை நிறுத்தும்வரை அது அடங்காது. சக்கரத்தின் உட்புறமுள்ள உருண்டைக் கூட்டில் கிரீஸ் மட்டுமே இருக்க வேண்டும். அங்கே கியர் ஆயில் வழிந்தால் உள் ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். பார்த்த வண்டியில் இடப்பக்கம் அப்படித்தான் வழிந்திருந்தது. சீலின் விலை சொற்பம். அதை மாற்ற அச்சின் அந்தப் பக்கத்தை முழுவதும் பிரிக்க வேண்டியிருப்பதால் கூலிதான் அதிகம்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிறதா என்பதைச் சாலையில் ஓட்டாமலே அறியலாம். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, லீவரை டூ வீலில் (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை) வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால், முன் அச்சுக்கு விசை கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சேர்ந்து சுழல வேண்டும். ஃபோர் வீலுக்கு மாற்றியதும் சக்கரம் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். (முன் சக்கர ஹப்பில், சக்கரத்தை அச்சோடு இணைக்கும் லாக் உள்ள வண்டியில் அதைப் போட்டுவிட்டுச் சோதிக்க வேண்டும்.) மைலேஜுக்காக முன் ஷாஃப்டையே கழற்றி வைத்துவிட்ட வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன என்பதால் இந்தச் சோதனை வேடிக்கையல்ல. காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீல் போட்டு வளைத்துக் காட்டுகிறேன் என்று விற்பவர் முன்வந்தால் தடுத்துவிட வேண்டும். முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத இந்த அமைப்பில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிப் பல்சக்கரங்கள் வீணாகும். சரளை மேட்டில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சுக்கு மாற்றி முதல் கியரில் விட்டால், 2.268 என்ற அதன் பல்சக்கர விகிதத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஏற வேண்டும். இறங்கும்போது லீவர் தானாக வெளியே துள்ளக் கூடாது. இங்கே துள்ளவில்லை. கியர் பாக்ஸிலிருந்து தனித்துத் தொங்கி, விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ரப்பர் மவுண்ட்கள் மட்டும் தளர்ந்து, கிளட்ச் விடும்போது ஒரு தட்டல் கேட்டது.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலையில் நாம் போகும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும், நீலப் புகையைக் கவனிக்க வேண்டும், ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேட்க வேண்டும். இது அலுமினிய எஞ்சின், ஒருமுறை கடுமையாகச் சூடேறியிருந்தாலும் பின்விளைவு உண்டு என்பதால் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனைக்கு ஆகும் சிறு செலவைத் தயங்காமல் செய்யலாம். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. டயர் அளவு 205/70 ஆர்15 ஆக இருக்கிறதா என்பதும் முக்கியம். பெரிய டயர் போட்ட வண்டியின் ஓடோமீட்டர் உண்மையான தூரத்தைக் குறைத்தே காட்டும்.

வண்டியாக ஜிப்ஸி கிங் எனக்கு உவப்பானதே, ஆனால் அன்றாடப் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பவர் ஸ்டியரிங் கிடையாது, ஸ்பிரிங் பட்டைகள் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்புக்கு அறிவிக்கும், லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கிடைத்தால் திருப்தி கொள்ள வேண்டும். சேற்றிலும் செங்குத்தான தோட்டப் பாதையிலும் ஏறக்குறைய ஒரு டன்னேயான அதன் எடை செய்யும் உதவியை, இதைவிடக் கனமான ஜீப்புகளில் நான் கண்டதில்லை. முன் அச்சு, தகர வேலை, மவுண்ட்கள் மூன்றுக்கும் ஆகும் தொகையை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அதைக் கழித்த விலையை விற்பவரிடம் சொல்லியிருக்கிறேன், ஆர்.சி.யில் இன்னும் நீங்காதிருக்கும் பழைய வங்கிக் கடன் குறிப்பை அவர் 35ஆம் படிவம் கொடுத்து நீக்கிய பிறகே முன்பணம் என்பதையும் சேர்த்து.