வேலையில் இருந்தபடியே பிப்: ஒரு வியாழக்கிழமை ஆலோசனை நிலையத்தின் சேவை

வடமேற்கு இலண்டனில், ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறையில், வியாழக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை இலவச நலன்புரி ஆலோசனை நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. கணக்குப் பிரிவில் முழுநேர வேலை செய்துகொண்டு முடக்குவாதத்துக்கு மருத்துவமும் செய்துவருகின்ற நான், பிப் (PIP) என்ற, நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசு தருகின்ற கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பதற்காகக் கடந்த ஆண்டில் அங்கே ஐந்து தடவை போய் வந்தேன். இரண்டு மூன்று தொண்டர்கள் தங்கள் ஓய்வு நாளைக் கொடுத்து நடத்துகின்ற இடம் என்பதாலும், குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருப்பதாலும், நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதற் குறை வாசலிலேயே தொடங்கியது. பெயர் பதியும் மேசையில் இருந்த இளம் தொண்டர் என் விவரங்களைக் கேட்டுக்கொண்டு வந்தவர், "வேலை செய்யிறீங்களோ அக்கா? அப்ப உங்களுக்குக் கிடைக்காது" என்று சொல்லி, பேனையையும் மூடி வைத்துவிட்டார். அரைநாள் விடுப்பு எடுத்துப் போன நான் அதை நம்பித் திரும்பி வந்துவிட்டேன். மருத்துவமனையில் முடக்குவாதப் பிரிவுத் தாதி, பிப்புக்கும் சம்பளத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அடித்துச் சொன்ன பிறகுதான் ஐந்து வாரம் கழித்து மறுபடியும் போனேன். அந்த ஐந்து வாரமும் வீண். பிப் கொடுப்பனவு நோய் வந்த நாளிலிருந்தோ, நாம் மனதில் தீர்மானித்த நாளிலிருந்தோ கணக்கிடப்படுவதில்லை. இதை வழங்குகின்ற தொழில், ஓய்வூதியத் திணைக்களத்துக்குத் தொலைபேசியில் அழைத்து விண்ணப்பத்தைத் தொடங்குகின்ற நாளே அதன் தொடக்கம். ஆலோசனை சொல்லும் இடம் ஒன்றின் வாசலிலேயே இந்தப் பிழை நடக்கிறதென்றால், நம்மவர் வீடுகளில் எத்தனை பேர் இதே பேச்சைக் கேட்டு வாளாவிருந்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளையின் குழப்பத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. நோயாளிகளுக்கென்று இந்த நாட்டில் இருக்கின்ற கொடுப்பனவுகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. வேலை செய்ய இயலாமைக்காகத் தரப்படுகின்ற ஈஎஸ்ஏயில், வாரத்துக்கு 16 மணித்தியாலத்துக்குக் குறைவாகவும் ஒரு வருமான எல்லைக்குள்ளும் மட்டுமே வேலை செய்யலாம். வருமானம் குறைந்தவர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட்டில், விலக்களிக்கப்பட்ட தொகைக்கு மேல் கைக்கு வருகின்ற ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வெட்டப்படும். 2013 இல் டிஎல்ஏ என்ற பழைய இயலாமைக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த பிப் இவை இரண்டிலிருந்தும் வேறானது. 16 வயதுக்கும் அரச ஓய்வூதிய வயதுக்கும் இடைப்பட்ட ஒருவர் சம்பளம் எவ்வளவு வாங்கினாலும், வங்கியில் எவ்வளவு வைத்திருந்தாலும் அதைக் கேட்கலாம். அதற்கு வருமான வரியும் இல்லை, தேசிய காப்புறுதி கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. நோயினால் அன்றாட வாழ்க்கையிலோ நடமாட்டத்திலோ ஏற்படுகின்ற சிரமம் குறைந்தது மூன்று மாதமாக இருந்திருக்க வேண்டும், மேலும் ஒன்பது மாதமாவது இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். அவ்வளவுதான். ஸ்கொட்லாந்தில் மட்டும் இதன் இடத்தில் வேறொரு கொடுப்பனவு இருக்கிறது.

இரண்டாவது தடவை போனபோது, அங்கே எல்லோரும் மாஸ்டர் என்று அழைக்கின்ற மூத்த ஆலோசகர் இருந்தார். ஊரில் கணிதம் படிப்பித்தவராம். படிவத்தையும் ஒரு கணக்கைப் போலவே அணுகுகிறார். அவர் கேட்ட முதற் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்கவில்லை, வீசாவைப் பற்றியதாக இருந்தது. அரச நிதியைப் பெறக் கூடாது என்ற நிபந்தனையோடு வீசா வைத்திருப்பவர்கள் பிப்புக்கு விண்ணப்பித்தால் அவர்களுடைய குடிவரவு நிலைக்கே ஆபத்து வரலாம் என்பதாலும், பொதுவாகக் கடந்த 156 வாரங்களில் 104 வாரமாவது இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதாலும், அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் பேனையைத் தொடுவதில்லை. நான் பிரசாவுரிமை பெற்றவள் என்று தெரிந்ததும், அந்த இடத்திலேயே என்னைக் கொண்டு திணைக்களத்துக்கு அழைக்கச் செய்தார். அடுத்த வாரம் படிவம் வந்து சேர்ந்தது. நிரப்பி அனுப்ப ஒரு மாதம்.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அந்தப் படிவத்தை நிரப்பிய மூன்று வியாழக்கிழமைகளில்தான் தெரிந்தது. படிவத்தில் அன்றாட வாழ்க்கை பற்றிப் பத்துச் செயல்களும், நடமாட்டம் பற்றி இரண்டும் கேட்கப்படுகின்றன: சமைப்பது, உண்பது, மருந்து எடுப்பது, குளிப்பது, உடுப்பது, வாசிப்பது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் உண்டு. ஒரு பகுதியில் 8 புள்ளி சேர்ந்தால் சாதாரண விகிதம், 12 சேர்ந்தால் கூடிய விகிதம். நான் வீட்டிலேயே ஒரு தடவை பென்சிலால் நிரப்பிக்கொண்டு போயிருந்தேன். சமையல் என்ற கேள்விக்கு, "சமாளிப்பேன், சில நாட்களில் கை நோகும்" என்று எழுதியிருந்தேன். மாஸ்டர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, வீட்டில சோறு ஆர் வடிக்கிறது?"

"அவர்தான், மாஸ்டர்."

"எத்தினை வருசமா?"

"மூண்டு இருக்கும்."

"வெங்காயம் ஆர் வெட்டுறது?"

நான் பதில் சொல்லத் தாமதித்தேன். வெங்காயத்தை என் கணவர் முதல்நாள் இரவே வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவார். டின் மூடிகளையும் அவரே திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். இதை எங்கள் வீட்டில் யாரும் உதவி என்று சொன்னதில்லை. சோற்றுப் பானையை மட்டும் எழுதினால், துளைக் கரண்டியால் அள்ளலாமே என்று சொல்லிவிடுவார்கள் என்பதையும், கத்தியைப் பிடிக்க முடியாததும் மூடியைத் திறக்க முடியாததுமே இங்கே கணக்கில் வரும் என்பதையும் மாஸ்டர் விளக்கினார். விதிகள் சமையல் என்று சொல்வது ஒரு ஆளுக்குப் புதிய உணவுப் பொருட்களைக் கொண்டு ஒரு எளிய உணவைத் தயாரிப்பதையே. அதிலும் இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ வைத்துச் சூடாக்குவதுதான் சமைப்பதாகும். குனிந்து அடுப்பின் கீழ்த்தட்டிலிருந்து எதையாவது வெளியே எடுக்க முடியவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் அதற்குப் புள்ளி கிடையாது. நான் அரைப் பக்கம் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு செயலைச் செய்ய முடியும் என்று சொல்வதற்குச் சட்டம் நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது என்பதும் அங்கேதான் எனக்குத் தெரிய வந்தது. பாதுகாப்பாகச் செய்ய வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் செய்ய வேண்டும், தேவைப்படுகின்ற தடவைகளெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும், நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். நோயில்லாத ஒருவருக்கு ஆகக் கூடியதாக எவ்வளவு நேரம் செல்லுமோ அதைப் போல் இரண்டு மடங்குக்குள் முடிப்பதே நியாயமான நேரம். காலையில் விரல்கள் மடங்காத நிலையில் சட்டைப் பொத்தான் போட்டு முடிக்க எனக்கு இருபது நிமிடம் எடுக்கும். இருபது நிமிடத்தின் முடிவில் பொத்தான் போட்டிருப்பது உண்மைதான், ஆனால் சட்டத்தின் கண்ணில் நான் அதைச் செய்ய முடிந்தவள் அல்ல. ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை அப்படி இருக்கிறதா என்பதையே பார்க்கிறார்கள் என்பதால், ஒரு வாரக் குறிப்பேடு எழுதி வரும்படி மாஸ்டர் சொன்னார். எழும்பிய நேரம், விரல் இளகிய நேரம், யார் எதைச் செய்து தந்தார்கள் என்று மட்டும் எழுதினால் போதும், கவிதை வேண்டாம் என்றார்.

வேலை செய்பவர்கள் எல்லோரும் பயப்படுகின்ற கேள்வி, அதாவது அலுவலகத்தில் எட்டு மணி நேரம் தட்டச்சுச் செய்பவரால் ஒரு கரட்டைச் சீவ முடியாதா என்பது, மதிப்பீட்டில் எப்படியும் வரும் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவைத்தார். அலுவலகத்தை மறைக்காமல் விரிவாக எழுதுவதே அதற்கு அவர் கண்ட வழி. நான் பத்தரை மணிக்குத்தான் வேலை தொடங்குகிறேன். பேசுவதை எழுத்தாக்கும் மென்பொருளில்தான் மின்னஞ்சல்களை எழுதுகிறேன். கோப்புப் பெட்டிகளைச் சக ஊழியர் தூக்கித் தருகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். இவையெல்லாம் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி வேலை தருபவர் செய்து தர வேண்டிய நியாயமான மாற்றங்கள். இதை மேலாளரிடம் ஒரு கடிதமாக எழுதி வாங்கி இணைக்கச் சொன்னார். மருத்துவக் கடிதங்களைவிட அந்த ஒரு பக்கக் கடிதமே என் நாளை நன்றாகக் காட்டியது என்பது என் எண்ணம். பல ஆண்டுகளாக, முடியாததை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் மறைத்துப் பழகிய எனக்கு, அதையே கையெழுத்துடன் கேட்டு வாங்குவது படிவத்தின் எல்லாக் கேள்விகளையும்விடக் கடினமாக இருந்தது.

மதிப்பீடு தொலைபேசியில் நடந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேசினோம். வேலையைப் பற்றி எதிர்பார்த்தபடியே கேட்டார்கள். படிவத்தில் எழுதியிருந்ததையே சொன்னேன். தீர்மானக் கடிதம் வந்தபோது சமையலுக்கு 4, குளிப்பதற்கு 2, உடுப்பதற்கு 2, மருந்துக்கு 1 என்று 9 புள்ளிகள் இருந்தன. நடமாட்டத்தில் 4 மட்டுமே. 50 மீற்றருக்கு மேல் 200 மீற்றர் வரை நடக்கக் கூடியவருக்கு அவ்வளவுதான் என்று மாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார், வீண் நம்பிக்கை ஊட்டவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து இருந்த விகிதத்தின்படி அன்றாட வாழ்க்கைப் பகுதியின் சாதாரண விகிதம் வாரத்துக்கு 73.90 பவுண், நான்கு வாரத்துக்கு ஒரு தடவை 295.60 பவுணாக வங்கிக்கு வந்தது. காலை நேரத்தில் நிலக்கீழ் ரயிலின் நெரிசலைத் தவிர்த்து வாடகைக் காரில் போகின்ற நாட்களுக்கும், வீட்டுத் துப்புரவுக்கு வருபவருக்கும் அது போய்விடுகிறது.

இனி, நிலையத்தின் மற்றக் குறைகள். வேலை செய்பவர்களும் கேட்கலாம் என்ற கொடுப்பனவுக்கு, வேலை நேரத்தில் மட்டும் திறந்திருக்கின்ற நிலையம் ஆலோசனை சொல்கிறது. ஐந்து வருகைக்கு இரண்டரை நாள் விடுப்புப் போயிற்று. மாதத்தில் ஒரு மாலை திறந்தால் எவ்வளவோ பேருக்கு உதவும். தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. இவற்றைவிடப் பெரிய குறை, அக்சஸ் டு வொர்க் என்ற திட்டத்தைப் பற்றி நானாகக் கேட்கும் வரை யாரும் வாய் திறக்காதது. வேலைக்குப் போய் வருகின்ற வாடகைக் கார்ச் செலவு, விசேட விசைப்பலகை, உதவியாளர் போன்றவற்றுக்கு அரசு மானியம் தருகின்ற தனியான திட்டம் அது. பிப் பெறாதவரும் கேட்கலாம். விண்ணப்பித்தவர்கள் பல மாதம் காத்திருக்க நேர்கிறது என்பதால், பிப் படிவத்தோடு சேர்த்து முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விடயம். அதைப் போலவே, பிப் கிடைத்ததும் வீட்டில் பராமரிப்பவருக்குப் பராமரிப்பாளர் கொடுப்பனவு கிடைக்கும் என்று வரவேற்பு மேசையில் சொன்னார்கள். வாரத்துக்கு 35 மணித்தியாலம் பராமரிக்க வேண்டும், அவருடைய சம்பளமும் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. 2025 இல் அந்த எல்லை வாரத்துக்கு 196 பவுண். முழுநேர வேலை செய்கின்ற என் கணவருக்கு அது ஒத்துவராது என்பதை மாஸ்டர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஆகவே அங்கே போகிறவர்கள் வாசல் மேசையில் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காமல் உள்ளே இருக்கின்ற ஆலோசகரைச் சந்தித்துவிட்டே திரும்ப வேண்டும்.

இதே படிவத்தை நிரப்பித் தருவதற்குக் காசு வாங்குகின்றவர்களும், பின்னர் வருகின்ற நிலுவைத் தொகையில் பங்கு கேட்கின்றவர்களும் நம்மவர்களுக்கிடையே இருக்கிறார்கள். அப்படி நிரப்பப்பட்ட படிவம் ஒன்றை ஒரு தோழி காட்டினார். நடந்து வேலைக்குப் போகின்ற அவர் இருபது மீற்றரும் நடக்க மாட்டார் என்று அதில் எழுதியிருந்தது. நல்லகாலம், அனுப்ப முன் வாசித்துப் பார்த்தார். மாஸ்டரிடம் கொண்டுபோய் வேறு படிவம் எடுத்து எழுதினார்கள். தீர்மானம் பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மீளாய்வு கேட்பதற்கும், அதன் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போவதற்கும் அதே நிலையம் இலவசமாகவே எழுதித் தருகிறது. தீர்ப்பாயம் வரை போகின்ற வழக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே முடிகின்றன என்பதால் அதுவும் சிறிய உதவி அல்ல.

போகிறவர்கள் ஒன்பதரைக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். பன்னிரண்டு இலக்கம் மட்டுமே கொடுக்கிறார்கள், பத்தே காலுக்குள் முடிந்துவிடும். மருந்துச் சீட்டு, கடைசி இரண்டு மருத்துவக் கடிதம், தேசிய காப்புறுதி இலக்கம், வங்கி விவரம் ஆகியவற்றோடு, வீட்டில் உங்களுக்கு யார் என்ன செய்து தருகிறார் என்று தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றாவது வியாழக்கிழமை என் கணவர் வந்திருந்தபோது, நான் சொல்லாத ஆறு விடயங்களை அவர் சொன்னார்.