குறியை எடுப்பதா, 64 பிட்டா?

வெள்ளவத்தை அலுவலகத்தில் 15 வருட வீட்டுக்கடன் ஒன்றைப் பதிந்தோம். கடைசித் தவணைத் திகதி 2040க்குப் பதில் 1904 என்று வந்து நின்றது. எங்கள் நிரல் திகதியை 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகளாக 32 பிட் எண்ணில் வைத்திருந்தது. குறியுள்ள (கூட்டல், கழித்தல் இரண்டையும் காட்டும்) 32 பிட் எண் 2147483647 வினாடி வரைதான் தாங்கும். கொழும்பு நேரப்படி அது 2038 ஜனவரி 19 காலை 8:44:07. அதைத் தாண்டினால் எண் கழித்தலாகி, திகதி 1970க்கு முன்னே போய்விடும்.

குறியை எடுத்துவிட்டால் அதே நான்கு பைட்டில் 2106 பெப்ரவரி வரை ஓடலாம். மரியாடிபி (MariaDB) என்ற தரவுத்தள மென்பொருளின் 11.5 பதிப்பு போன வழி இதுதான். பதிந்த தரவைத் தொடவும் வேண்டாம். ஆனால் 1970க்கு முந்திய திகதிகள் போச்சு: 1962 மே மாதம் பிறந்தவர் 2098இல் பிறந்தவராகிவிடுவார். எங்கள் வாடிக்கையாளரில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

64 பிட்டில் அந்தப் பயமே இல்லை. சரி, அட்டவணையைத் திரும்ப எழுத வேண்டும், நிரலில் ஒளிந்திருக்கும் 32 பிட் மாறிகளையும் தேட வேண்டும். இரவிரவாக இருந்து இதையே செய்தோம்.