சுற்றுலா மேலாண்மை முதுகலை: பணம் கட்டும் முன் ரசீதைப் படியுங்கள்

சென்ற வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பி.காம். முடித்த கையோடு ஒரு வண்ணக் கையேட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்கள் படித்த படிப்புதானே இது? சேரலாமா?" என்று கேட்டாள். அட்டையில் ஒரு விமானம், அதன் முன்னால் கறுப்புக் கோட்டு அணிந்து சிரிக்கும் ஒரு பெண். நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கொடுத்த கையேட்டிலும் இதே படம்தான் இருந்தது. நிறுவனத்தின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், முகவரி மாறவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியில் சொல்லாமல் இருந்ததை இப்போது முழுவதுமாக எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் தாராசுரம் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஐராவதேசுவரர் கோயிலில் புல்தரையில் உட்கார்ந்திருப்போம். ஒரு வழிகாட்டி பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிவருவார். பலிபீடத்தருகே கம்பி போட்டு அடைத்திருக்கும் இசைப்படிகளைக் காட்டுவார். காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாக அமைந்த சிற்பத்தின் முன் நிறுத்தி, முதலில் ஒரு பாதியைக் கையால் மறைப்பார், பிறகு மறுபாதியை மறைப்பார். வந்தவர்கள் வாய்விட்டு வியப்பார்கள். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் அது. அதைப் பற்றி உலகத்துக்குச் சொல்லும் வேலையில் இருக்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்த ஆசை. பி.ஏ. வரலாறு முடித்ததும் சுற்றுலாவில் முதுகலை என்று முடிவு செய்தது அதனால்தான். இது நல்ல படிப்பு என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. என்னை ஏமாற்றியவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2022 ஜூலை. திருச்சியில் ஒரு பயிற்சி நிறுவனம். "எம்.பி.ஏ. டூரிசம், இரண்டு ஆண்டு, பல்கலைக்கழகப் பட்டம், வெளிநாட்டில் பயிற்சி, நூறு சதவீத வேலை" என்று கையேட்டில் போட்டிருந்தார்கள். கட்டணம் 1,85,000 ரூபாய். மலேசியப் பயிற்சிக்குத் தனியாக 40,000. எந்தப் பல்கலைக்கழகம் என்று அப்பா கேட்டார். "யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம், ஐயா" என்று பதில் வந்தது. பெயர் வரவில்லை. அப்பா கொடிக்கால் குத்தகைக்கு எடுத்து வெற்றிலை போடுகிறவர். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) என்ற சொல்லைக் கேட்டதும் மேற்கொண்டு கேட்கத் தயங்கினார். நானாவது கேட்டிருக்க வேண்டும்.

கல்விக் கடனுக்காகக் கும்பகோணத்தில் வங்கிக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி சேர்க்கைக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லையே, அம்மா. பல்கலைக்கழகமே கொடுத்த கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஏழை வீட்டுப் பெண் படிக்கக் கடன் கேட்டால் இப்படித்தான் அலைக்கழிப்பார்கள் என்று வழியெல்லாம் அப்பாவிடம் பொருமிக்கொண்டு வந்தேன். அந்த மனிதர் அன்று எனக்குச் செய்தது பேருதவி. அது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

நிறுவனத்தில் இதைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே, "வங்கி என்றால் இழுத்தடிப்பார்கள். ரொக்கமாகக் கட்டுங்கள், பத்தாயிரம் குறைத்துக்கொள்கிறோம்" என்றார்கள். அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. முதல் தவணை 75,000 கட்டினோம். பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல்களின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த ரசீதை இப்போது எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இளமஞ்சள் தாள், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மேலே ஓர் அறக்கட்டளையின் பெயர். பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கும் இல்லை. "விவரம்" என்ற இடத்தில் நீல மையில் "திறன் பயிற்சிக் கட்டணம்" என்று எழுதியிருக்கிறது. எம்.பி.ஏ. என்ற சொல்லே இல்லை. அடியில் எறும்பு எழுத்தில் "செலுத்திய தொகை திருப்பித் தரப்படமாட்டாது". அந்த நிறுவனம் எனக்குக் கொடுத்த காகிதங்களில் உண்மை எழுதியிருந்தது இது ஒன்றில்தான். நான் அதை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டேன், படிக்கவில்லை.

வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செல்போன் கடைக்கு மேலே இரண்டாம் மாடி, பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த இரண்டு அறைகள், 23 பேர். பாடம் நடத்தியவர் விமான டிக்கெட் பதிவுப் பயிற்சி மட்டும் பெற்றவர். நல்ல மனிதர், அவருக்கும் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. அமேடியஸ் போன்ற முன்பதிவு மென்பொருளில் நேரடிப் பயிற்சி என்று சொல்லியிருந்தார்கள். கணினியில் அது இல்லவே இல்லை. திரையைப் படமெடுத்து நகலெடுத்த தாள்களைக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு என்றைக்கு எந்த விமானத்தில் இடம் இருக்கிறது என்று தேடும் கட்டளையை நாங்கள் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தோம். கல்விச் சுற்றுலா என்ற பெயரில் ஒரே நாளில் மாமல்லபுரம் போய்வந்தோம். அதற்கும் தனிப் பணம்.

மலேசியா விவகாரத்தில்தான் எனக்கு முதன்முதலில் பயம் வந்தது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குப் போகலாம் என்று ஆனது. உடனே எங்களை அழைத்து, "இனி விசா தேவையில்லை, ஜனவரியில் கிளம்புங்கள், அங்கே ஒரு ஹோட்டலில் பயிற்சி" என்றார்கள். அந்தச் சலுகை சுற்றிப்பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் வருகிறவர்களுக்கானது. அதை வைத்துக்கொண்டு ஹோட்டலில் வேலை செய்தால் பிடிபடுவது நாம்தான். பிடித்துக் காவலில் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். எங்களை எந்தத் தொழிலுக்குத் தயார் செய்வதாகச் சொன்னார்களோ, அந்தத் தொழிலில் முதல் மாதமே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது. நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 40,000 திரும்பவில்லை. அதற்குப் பதிலாகத் திருச்சி விமான நிலைய வாசலில், ஒரு பயண முகவருக்காகப் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் நின்றேன். சம்பளம் கிடையாது.

2024இல் மதிப்பெண் பட்டியலும் பட்டமும் கைக்கு வந்தன. வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் பளபளப்பாக அச்சாகியிருந்தது. அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். தனியார் கல்லூரி ஒன்றில் சுற்றுலாத் துறைக்குத் தற்காலிக விரிவுரையாளர் தேவை என்று அறிந்து விண்ணப்பித்தேன். சான்றிதழைப் பார்த்த அலுவலகக் கண்காணிப்பாளர், "இந்த ஊருக்குப் போய்ப் படித்தீர்களா?" என்று கேட்டார். இல்லை, திருச்சியில் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தம் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். அரைமணி நேரம் அவர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம், 22ஆம் பிரிவு. சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமும்தான் இந்த நாட்டில் பட்டம் தரலாம். ஒரு மாநிலத்தின் தனியார் பல்கலைக்கழகம் இன்னொரு மாநிலத்தில் தன்னிஷ்டத்துக்குப் படிப்பு மையம் திறக்க முடியாது. கல்லூரிகளை இணைத்துக்கொள்ளவும் முடியாது. சத்தீஸ்கரில் காளான்போல் முளைத்த தனியார் பல்கலைக்கழகங்களை எதிர்த்துப் பேராசிரியர் யஷ்பால் தொடர்ந்த வழக்கில், அவற்றுக்கு இடம்கொடுத்த சட்டப் பிரிவுகளை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. அதற்குப் பிறகும் மாடிப்படி ஏறிப்போனால் பட்டம் கொடுக்கிறார்கள் என்றால், பெற்றோருக்கு இந்த விவரம் போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள்.

தொலைநிலைப் படிப்பு என்றால் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் தேட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கே இருக்கிறது என்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு, நீங்கள் சேரும் அதே படிப்புக்கு அனுமதி இருக்க வேண்டும். 2024 முதல் இப்படிப்புகளில் சேருகிற மாணவர் தாமே அந்தத் தளத்தில் பதிவு செய்து ஓர் அடையாள எண் பெற வேண்டும். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கண்காணிப்பாளர் சொன்னபடி என் பட்டத்தின் உண்மைத்தன்மை கேட்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். ஏழு வாரம் கழித்து ஒரு பத்தியில் பதில் வந்தது: தமிழ்நாட்டில் எங்களுக்கு மையம் எதுவும் இல்லை, குறிப்பிட்ட பதிவு எண் எங்கள் பதிவேட்டில் இல்லை. அதைப் படித்துவிட்டு அம்மா சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நிறுவனத்துக்குப் போய் நின்றேன். மேலாளர் என் ரசீதையே வாங்கி எனக்குக் காட்டினார். "நாங்கள் வாங்கியது திறன் பயிற்சிக் கட்டணம். பயிற்சி கொடுத்துவிட்டோம்." யுஜிசி 2018இல் வெளியிட்ட விதிகளின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் 5,000 ரூபாய்க்கு மிகாத பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்பும், அசல் சான்றிதழை எந்தக் கல்வி நிறுவனமும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பணம் வாங்கியது ஓர் அறக்கட்டளை. யுஜிசிக்கு உட்பட்ட நிறுவனமே அல்ல. அந்த விதி எதுவும் எனக்குக் கைகொடுக்கவில்லை.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தோம். 23 பேரில் ஒன்பது பேர் கையெழுத்திட்டோம். மற்றவர்கள் ஊருக்குத் தெரிந்தால் கல்யாணப் பேச்சு கெடும், வீட்டில் அடி விழும் என்று பயந்தார்கள். காவல் நிலையத்தில் அழைத்து விசாரித்த பிறகு அசல் சான்றிதழ்கள் திரும்பி வந்தன, 60,000 ரூபாயும் வந்தது. மீதிக்கு இன்னும் நடக்கிறேன்.

கையேட்டோடு வந்த எங்கள் தெருப் பெண்ணுக்கு நான் சொன்ன இடங்கள் இவை. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம். அதன் நெல்லூர் வளாகம் நமக்குப் பக்கம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவியல் துறையே இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை முதுகலை உண்டு. நான் இப்போது அங்கேதான் மறுபடி முதலாம் ஆண்டிலிருந்து படிக்கிறேன். இந்த முறை ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது, படிப்பின் பெயர் இருக்கிறது, என் பதிவு எண் இருக்கிறது. மூன்று முறை படித்துவிட்டுத்தான் மடித்து வைத்தேன்.

கையெழுத்திடாமல் போன பதினான்கு பேரில் யாராவது இதைப் படித்தால்: உங்கள் மஞ்சள் ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மனுவின் நகலும் பல்கலைக்கழகத்தின் பதில் கடிதமும் என்னிடம் இருக்கின்றன. அடுத்த விசாரணைக்கு உங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுக்கலாம். வீட்டுக்குத் தெரியாமல் வர வேண்டுமென்றாலும் வாருங்கள், நான் கூட வருகிறேன்.