குனோம் சாஃப்ட்வேரா, சினாப்டிக்கா?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவிகள் குனோம் சாஃப்ட்வேரும் சினாப்டிக்கும். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தபின், அன்றாட வேலைக்குச் சினாப்டிக்கையே வைத்துக்கொண்டேன்.

இரண்டின் நோக்கமும் நேர் எதிர். பயனர் கண்ணில் செயலி மட்டுமே படவேண்டும், அதன் பின்னால் உள்ள தொகுப்புகள் (மென்பொருளைப் பிரித்து வழங்கும் பொதிகள்) படக்கூடாது என்பது குனோம் சாஃப்ட்வேரின் கொள்கை. படம், விளக்கம், மதிப்புரை எல்லாம் உண்டு, செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் நூலகங்கள் தலைகாட்டுவதில்லை. சினாப்டிக்கோ டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் உள்ள அத்தனையையும் கொட்டிவிடும். ஒரு பெயரைத் தேடினால் பத்து துணைத் தொகுப்புகள் கூடவே வரும். அழகிலும் எளிமையிலும் முன்னதுதான் மேல், அதில் வாதமே இல்லை.

ஆனால் நிறுவுவது ஒரு முறை. பராமரிப்புதான் ஆண்டுக்கணக்கில் தொடர்வது. ஒரு மின்னஞ்சல் செயலியை நீக்கலாம் என்று சினாப்டிக்கில் குறித்தேன். உடனே ஒரு பெட்டி திறந்து, 'குனோம்' என்ற மெட்டா தொகுப்பும் கூடவே நீக்கப்படும் என்று காட்டியது. அந்தத் தொகுப்புக்குள் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் குனோம் மேசைச்சூழலின் (திரையில் நாம் காணும் சாளரங்கள், பட்டிகள், அடிப்படைச் செயலிகள்) மற்ற பகுதிகளைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது போய்விட்டால், 'இனித் தேவையற்றவை' என்று அடுத்த துப்புரவில் அவையும் போகக்கூடும். ரத்து செய்துவிட்டேன். குனோம் சாஃப்ட்வேர் 'நீக்கட்டுமா?' என்று கேட்கிறது. கூட எவையெல்லாம் போகும் என்று எனக்குக் காட்டியதில்லை. எளிமைக்காக எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், இதை மட்டும் மறைக்கக்கூடாது.

சினாப்டிக்கில் பதிப்பைப் பூட்டும் வசதியும் உண்டு. வன்பொருளை இயக்கும் டிரைவர் ஒழுங்காக ஓடினால் அதைப் பூட்டிவிட்டால், மற்றவற்றை நிம்மதியாகப் புதுப்பிக்கலாம். சினாப்டிக் வழியாக எந்தத் தேதியில் எது மாறியது என்பதை வரலாற்றுப் பட்டியலில் பார்க்கலாம். பழுது தேடும்போது அதைவிடப் பெரிய உதவி இல்லை.

சினாப்டிக்கால் ஆகாதவையும் உண்டு. டெபியன் தொகுப்புகளாக அல்லாமல் தனி வடிவங்களில் வரும் ஃபிளாட்பேக், ஸ்னாப் செயலிகள் அதற்குத் தெரியாது. வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் அது புதுப்பிக்காது. அவற்றுக்காகவே குனோம் சாஃப்ட்வேரை இன்னும் நீக்காமல் வைத்திருக்கிறேன். கணினி புதுப்பிப்புகளை மறுதொடக்கத்தின்போது நிறுவும் அதன் முறையும் எனக்குப் பிடிக்கும்: ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்புகள் நடுவில் மாறுவதில்லை.

நான் சொல்வதெல்லாம் டெபியன் அனுபவம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் இதை அப்படியே பொருத்திப் பார்க்கவேண்டாம். எல்லாவற்றையும் ஃபிளாட்பேக்காகவே நிறுவுகிறவருக்குச் சினாப்டிக்கால் பெரிய பயன் இல்லை. கணினியைத் தானே பராமரிக்கும் டெபியன் பயனருக்கு நான் சினாப்டிக்கைத்தான் சொல்வேன்.