சப்பென்றா, உப்புச்சப்பில்லாததா?

கொழும்பு வெள்ளவத்தையில் இடியப்பத்துக்கு ஊற்றிய சொதியில் உப்பும் இல்லை, தேசிக்காய்ப் புளியும் இல்லை. "அண்ணை, சொதி சப்பெண்டு இருக்கு" என்றேன். கூட வந்த நண்பர் ஆங்கிலத்தில் 'இன்சிப்பிட்' என்றார். அதைத் தமிழாக்கினால் எது பொருத்தம்?

லத்தீனில் 'இன்சிபிடுஸ்'. 'இன்' என்றால் இல்லாத. 'சாபிடுஸ்' என்றால் சுவையுள்ள. வேர்ச்சொல் 'சாபெரே': சுவைப்பது, அறிவுடன் இருப்பது இரண்டுக்கும் அதுவே. 1758இல் உயிரியல் அறிஞர் லின்னேயஸ் மனிதனுக்கு வைத்த ஹோமோ சேப்பியன்ஸ் என்ற பெயரிலும் இதே வேர்தான். நாக்கும் மூளையும் ஒரே வினைச்சொல்லில்!

'சப்பென்று' நாக்கோடு ஒட்டிய சொல். சொதிக்கு அதைவிடச் சரியான சொல் கிடையாது. ('சாப்', 'சப்' ஒலி ஒத்துப்போகிறதே என்று உறவு கொண்டாடவேண்டாம்.) 'உப்புச்சப்பில்லாத' கொஞ்சம் நீளம், ஆனால் மேடைப்பேச்சு, கடிதம், சண்டை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான், உணவிலிருந்து பேச்சுக்குத் தாவியது. அதனால் மொழிபெயர்ப்பில் என் கை 'உப்புச்சப்பில்லாத'வுக்கே போகும்.

கடைக்கார அண்ணையோ எதுவும் சொல்லாமல் உப்புப் போத்தலை நகர்த்தி வைத்தார்.