மூணு நாள் ஓட்டமா, ஆறு நாள் ஓட்டமா? வேலைக்கு நடுவுல ஃபுல் மாரத்தான்

ஃபுல் மாரத்தான், அதாவது 42 கிமீ, ஓடப்போறேன்னு யார் சொன்னாலும் அடுத்த பேச்சு ஷூ பத்திதான் வருது, நான் முதல்ல கேக்கறது வாரத்துக்கு எத்தனை தடவை உங்களால வீட்டை விட்டு கிளம்ப முடியும்னுதான். ரெண்டு விதமான பயிற்சி பிளானையும் ஒவ்வொரு வருஷம் பண்ணி பாத்துட்டேன், ரெண்டுலயும் அடி வாங்கியிருக்கேன், அதனால சொல்றேன்.

ஒண்ணு வாரம் மூணு நாள் பிளான், அமெரிக்காவுல ஃபர்மன் யூனிவர்சிட்டில உருவானது இதுல ரொம்ப பிரபலம். ஒரு நாள் இன்டர்வல் (வேகமா கொஞ்ச தூரம், நடுவுல இளைப்பாறி திரும்ப), ஒரு நாள் டெம்போ (நிறுத்தாம ஒரே சீரான வேகத்துல), ஒரு நாள் லாங் ரன் (நீண்ட தூரம்). சும்மா மெதுவா ஓடிட்டு வரலாம்ங்கற நாளே கிடையாது. இன்னொண்ணு ஹேன்சன்ஸ்ங்கற அமெரிக்க பயிற்சி பிளான் மாதிரி வாரம் ஆறு நாள், அதுல பாதி நாள் மெதுவா ஓடற ஈஸி ரன், லாங் ரன் 16 மைல், அதாவது 26 கிமீ கிட்ட நின்னுடும். மத்த நாள் ஓடின களைப்பு கால்ல இருக்கும்போதே இந்த 26ஐ ஓடறதால, மாரத்தானோட முதல் 26 மாதிரி இல்லாம கடைசி 26 மாதிரி இருக்கும்ங்கறது அவங்க லாஜிக்.

பேப்பர்ல பாத்தா மூணு நாள்தான் பிஸியான ஆளுக்குன்னு தோணும். அதுக்கு உண்மையான காரணம் கிலோமீட்டர் இல்ல, ஓடறதுக்கு முன்னாடி பின்னாடி போற நேரம். என் பேஸ் கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம், 5 கிமீ ஓட 35 நிமிஷம்தான். ஆனா அலாரத்தை ரெண்டாவது சத்தத்துக்குள்ள அமுக்கி, குழந்தை முழிச்சுக்காம இருக்க லைட்டு போடாம ஃபோன் வெளிச்சத்துல சாக்ஸ் ஜோடி தேடி, வாசல்ல உக்காந்து லேஸ் கட்டி, திரும்பி வந்து வேர்வை அடங்கற வரைக்கும் நின்னு குளிச்சு கிளம்பறதுக்கு இன்னொரு நாப்பது நிமிஷம் போகுது. ஆறு நாளுக்கு இது மட்டுமே நாலு மணி நேரம், ஒரு அடி கூட ஓடாம! மூணு நாள்னா ரெண்டு மணி நேரத்தோட போச்சு.

ஆனா எல்லாரும் வசதியா மறந்துடற விஷயம், அந்த மூணு நாள் பிளான்ல கூடவே ரெண்டு நாள் சைக்கிள் இல்லன்னா நீச்சல் இருக்கு. நானும் மறந்தேன். வேகம் என்னமோ நல்லாவே வந்துது, ரேஸ் அன்னிக்கு 33வது கிலோமீட்டர்ல தொடை ரெண்டும் கல்லு மாதிரி இறுகி மிச்ச தூரத்தை பாதி நடந்துதான் முடிச்சேன். வாரத்துல கால் வேலை செஞ்ச நாளே கம்மி, அது அங்கதான் தெரிஞ்சுது.

இன்னொரு பிரச்சினை, மூணுல ஒண்ணு போச்சுன்னா அந்த வாரத்துல மூணுல ஒரு பங்கு போச்சு, அதுவும் முக்கியமான ஓட்டம். வியாழன் ராத்திரி ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு வெள்ளி டெம்போவை சனிக்கு தள்ளி, ஞாயிறு லாங் ரன்னும் ஓடினேன், திங்கள் காலைல படி இறங்கறப்போ முழங்காலுக்கு கீழ முன்னெலும்புல சுரீர்னு ஒரு வலி, மூணு வாரம் போச்சு. ஆறு நாள் பிளான்ல ஒரு ஈஸி ரன் போனா போகட்டும்னு விட்டுடலாம், யாருக்கும் தெரியக்கூட தெரியாது.

ஞாயித்துக்கிழமை கணக்கு தனி. மூணு நாள் பிளான்ல லாங் ரன் 32 கிமீ வரைக்கும் போகும், என் பேஸுக்கு 3 மணி 44 நிமிஷம். அதுக்கப்புறம் நான் வீட்ல இருந்தும் இல்லாத மாதிரிதான், யாராவது கூப்பிட்டா ம்ம்னு சொல்லிட்டு அப்படியே தூங்கிடுவேன், வீட்ல சண்டை வந்ததெல்லாம் இந்த மதியத்தாலதான். 26 கிமீன்னா மூணு மணி நேரம், சாயங்காலம் ஆளா நடமாடலாம். ரொம்ப சந்தோஷப்படாதீங்க, ஹேன்சன்ஸ்ல வாரத்து நடுவுல டெம்போ வளந்து வளந்து 10 மைல் வரைக்கும் போகும், அதுவும் ஆபீஸ் இருக்கற நாள்ல.

வேலை பாத்துக்கிட்டே ஓடினவங்கன்னா ஜப்பான் யூகி கவாவுச்சி பேர் வந்துடும், சைதாமால முழுநேர அரசு வேலைல இருந்துக்கிட்டே 2018 பாஸ்டன் மாரத்தான ஜெயிச்ச மனுஷன். கம்மியா ஓடினாலும் போதும்ங்கறதுக்கு அவரை உதாரணம் காட்டறாங்க, அது தப்பு. மத்த ப்ரோ ரன்னர்ஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஓடறப்போ இவர் அப்போ பெரும்பாலும் ஒரு தடவைதான் ஓடினார், அவ்வளவுதான் வித்தியாசம், நாளைக் குறைக்கல.

என்னைக் கேட்டா, எப்போ மீட்டிங் வரும்னே தெரியாத வேலைன்னா ஆறு நாள் பிளானை எடுத்துட்டு வாரம் ஒண்ணு ரெண்டு ஈஸி ரன்னை தாராளமா முழுங்குங்க. வாரம் ஒரே மாதிரி போகும், ஆனா காலி நேரம் கம்மின்னா மூணு நாள், கூட ஆபீஸுக்கு சைக்கிள்ல போயிடுங்க, போற வழியிலேயே அந்த ரெண்டு நாள் பயிற்சி முடிஞ்சுடும், தனியா கிளம்பவே வேண்டாம். நான் இந்த வருஷம் ஆறு நாள் பிளான்தான், அதுல அஞ்சு நாள் ஓடுது, சில வாரம் நாலு. ஹாஃப் மட்டும்தான் ஓடப்போறீங்கன்னா இவ்ளோ யோசிக்கவே வேண்டாம், 21 கிமீக்கு மூணு நாளே தாராளம்.